காரத்தில் வளரும் பாக்டீரியா, நாரைச் சிதைக்கும் நொதி: வாசகர் கேள்வி–பதில்

தாவர நாரிலுள்ள சைலான், செல்லுலோஸ், பெக்டின் ஆகியவற்றை முறையே வெட்டும் சைலனேஸ், செல்லுலேஸ், பெக்டேட் லையேஸ் போன்ற நொதிகளைக் காரம் விரும்பும் பாக்டீரியாக்களிலிருந்து பிரித்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுடையவை. இரண்டு ஆலைகளிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

பி.எச். 10 அகார் தட்டு போடும்போது ஊடகம் காப்பி நிறமாகிவிடுகிறது, அகாரும் சரியாக உறைவதில்லை. அடியில் வெள்ளையாக ஏதோ படிகிறது. எங்கே தப்பு? — முதுகலை மாணவி, மதுரை

சோடியம் கார்பனேட்டை மற்றவற்றோடு சேர்த்தே ஆட்டோகிளேவில் வைத்திருப்பீர்கள். மூன்று கோளாறுக்கும் காரணம் அது ஒன்றுதான். சூடான காரத்தில் குளுக்கோஸ் சிதைந்து, பெப்டோனோடும் வினைபுரிந்து பழுப்பாகிறது. அகாரின் சங்கிலிகள் அறுபட்டு உறையும் திறனை இழக்கின்றன. மக்னீசியம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் அடியில் படிகிறது.

ஜப்பானில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்த கோகி ஹோரிகோஷியின் ஊடகமே இன்றும் அடிப்படை. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மக்னீசியம் சல்பேட் 0.2, சோடியம் கார்பனேட் 10, அகார் 20 கிராம். சைலனேஸ் தேடுகிறவர்கள் குளுக்கோஸை எடுத்துவிட்டு சைலானோ கோதுமைத் தவிடோ 10 கிராம் போடுவார்கள். குளுக்கோஸ் இருந்தால் பாக்டீரியா அதைத் தின்றுகொண்டு சைலனேஸ் சுரப்பதைக் குறைத்துவிடும்.

செய்முறை இதுதான்: கார்பனேட் தவிர மற்ற எல்லாவற்றையும் 900 மி.லி. நீரில் கரைத்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். 10 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலைத் தனிப் புட்டியில் வையுங்கள். இரண்டும் 60 டிகிரிக்கு ஆறியதும் 100 மி.லி. கார்பனேட்டை ஊற்றிக் கலந்து உடனே தட்டில் வார்த்துவிடுங்கள். கார்பனேட் குளிர்ந்திருந்தால் அகார் கட்டி கட்டியாகிவிடும்; அதுவும் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். ஊற்றிய தட்டுகளை வாரக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பி.எச். மெல்ல இறங்கும்.

இன்னொன்று. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கார்பனேட் போட்டால் பலவகை வளராது. காரத்தில் வாழும் பேசில்லஸ்கள் உள்ளே புரோட்டானை இழுத்துக்கொள்ள சோடியத்தை வெளியே தள்ளுகின்றன. சோடியம் இல்லையென்றால் அந்தப் பரிமாற்றம் நடக்காது.

இந்தப் பாக்டீரியாவுக்காக லோனார் ஏரிக்குப் போக வேண்டுமா? — ஆய்வு மாணவர், திருவாரூர்

வேண்டியதில்லை. சாதாரணத் தோட்ட மண்ணிலேயே காரம் விரும்பிகள் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு. காகித ஆலைக் கழிவுநீர் ஓடையின் சேறு, களர் நிலத்து மேல்மண், மட்கிய கரும்புச் சக்கை இவற்றில் தேடினால் நார் தின்னும் வகை கிடைக்க வாய்ப்பு அதிகம். மகாராஷ்டிரத்தின் லோனார், ராஜஸ்தானின் சாம்பார், கென்யாவின் மகாடி எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் லோனார் வனவிலங்கு சரணாலயம். 2020இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குப்பி சேறுகூட எடுக்க முடியாது.

காங்கோ ரெட் ஊற்றினால் தட்டில் பெரிய வளையம் தெரிகிறது. அதே பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்தால் சைலனேஸ் அளவு மிகக் குறைவு. சின்ன வளையம் காட்டியதோ நன்றாகச் சுரக்கிறது. — ஆய்வு மாணவர், சிதம்பரம்

காங்கோ ரெட் சைலானில் ஒட்டும் சாயம்; நொதி சைலானை வெட்டிய இடம் வெளிறி வளையமாகத் தெரியும். ஆனால் வளையம் நொதியின் அளவை மட்டும் காட்டுவதில்லை. 20 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கொண்ட சிறிய சைலனேஸ் அகாருக்குள் வேகமாகப் பரவும். 45 கிலோடால்டன் மெதுவாகப் பரவும். காலனி எத்தனை மணி நேரம் வளர்ந்தது என்பதும் வளையத்தை மாற்றும். 0.1 சதவீத காங்கோ ரெட்டில் 15 நிமிடம், ஒரு மோலார் உப்பு நீரில் 15 நிமிடம் என்ற சோதனை, "இருக்கிறதா, இல்லையா" என்று சொல்லும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். வளையம் காட்டிய பத்துப் பதினைந்தையும் 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகத்தில் வளர்த்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து அளந்து பாருங்கள். பலவற்றில் உச்சம் 48 முதல் 72 மணிக்குள் வரும். அதைத் தாண்டினால் பாக்டீரியாவின் சொந்தப் புரோட்டியேஸே சைலனேஸைத் தின்னத் தொடங்கும்.

எங்கள் பாக்டீரியா பி.எச். 10.5இல் செழிப்பாக வளர்கிறது. ஆனால் சைலனேஸின் உச்சம் பி.எச். 7இல் வருகிறது. வேறு பாக்டீரியா கலந்துவிட்டதா? வழிகாட்டி "மறுபடி செய்" என்கிறார். — முனைவர் பட்ட மாணவி, கோவை

கலப்படத்தை ஒருமுறை சரிபாருங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் முடிவு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரத்தில் வளரும் பாக்டீரியாவின் நொதி காரத்தில்தான் உச்சத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வெளியே பி.எச். 10க்கு மேல் இருந்தாலும் செல்லின் உள்ளே அதைவிட ஓரிரு அலகாவது குறைவாகவே இருக்கும். ஆகவே உள்ளே வேலை செய்யும் நொதி காரத்தைப் பார்ப்பதே இல்லை. வெளியே சுரக்கும் நொதி பார்க்கும். ஆனால் அதற்கும் காரத்தைத் தாங்குவது ஒன்று, காரத்தில் மிக வேகமாக வேலை செய்வது இன்னொன்று. பேசில்லஸ் ஹாலோடியூரன்ஸ் சி–125 இதற்கு நல்ல சான்று. 2000இல் முழு மரபணுத் தொகுதியும் வெளியான இந்த வகையில், ஏற்கெனவே 1985இல் இரண்டு சைலனேஸ்களைப் பிரித்திருந்தார்கள். 43 கிலோடால்டன் கொண்ட 'ஏ' பி.எச். 6 முதல் 10 வரை நன்றாக வேலை செய்தது. 16 கிலோடால்டன் கொண்ட 'என்' பி.எச். 6–7ஐ ஒட்டியே உச்சம் காட்டியது. ஒரே பாக்டீரியா, ஒரே குடுவை, இரண்டு குணம்.

காரணம் நொதியின் பிளவுக்குள் இருக்கிறது. சைலானை அறுக்க இரண்டு குளூட்டமேட்கள் வேண்டும். அதில் ஒன்று புரோட்டானைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். காரம் ஏறினால் அதை இழந்துவிடும். அதன் பக்கத்தில் எந்த அமினோ அமிலம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது புரோட்டானை விடும் பி.எச். நகர்கிறது. சைலனேஸ்களின் இரண்டு பெரிய கூட்டங்களில் ஒன்றான 11ஆம் குடும்பத்தில், அந்த இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் இருந்தால் உச்சம் அமிலப் பக்கம் போகும். ஆஸ்பராஜின் இருந்தால் நடுநிலையை நோக்கியும் காரத்தை நோக்கியும் நகரும்.

எனவே வழிகாட்டியிடம் மூன்று வரைபடங்களைக் கொடுங்கள். முதலாவது, பி.எச். மாற வேகம் எப்படி மாறுகிறது. இரண்டாவது, வெவ்வேறு பி.எச்.சில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு பி.எச். 7க்குக் கொண்டுவந்து அளந்த மீதித் திறன். மூன்றாவது, பி.எச். 9இல் 10, 20, 30, 60 நிமிடம் எனச் சர்க்கரை சேரும் வேகம். பி.எச். 7இல் உச்சமாக இருந்தாலும் பி.எச். 9இல் 60 சதவீதம் வேலை செய்து, இரண்டு மணி நேரம் சாகாமல் நின்றால், அது பயனுள்ள நொதிதான். பி.எச். 9இல் உச்சம் காட்டிவிட்டு 15 நிமிடத்தில் செத்துப்போகும் நொதியைவிட இதுவே மேல்.

வரைபடம் போடுகிறவர்கள் பஃபரைக் கவனியுங்கள். பாஸ்பேட் 6 முதல் 8 வரை, டிரிஸ் 7 முதல் 9 வரை, கிளைசின்–சோடியம் ஹைட்ராக்சைடு 8.6 முதல் 10.6 வரை. பஃபர் மாறும் இடத்தில் இரண்டிலும் அளக்க வேண்டும். பி.எச். 8இல் பாஸ்பேட்டில் 90, டிரிஸில் 65 என்று வந்தால் அது பி.எச்.சின் விளைவல்ல, பஃபரின் விளைவு. சைலானைக் கரைத்த பிறகு பி.எச்.சை மறுபடி பார்க்கவும். அதிலுள்ள அமிலக் குழுக்கள் கொஞ்சம் இறக்கிவிடும். பி.எச். 10க்கு மேல், சோடியம் நிறைந்த கரைசலில், சாதாரணக் கண்ணாடி மின்முனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டி.என்.எஸ். முறையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண் வருகிறது. யூனிட் கணக்கும் குழப்பமாக இருக்கிறது. — மூன்று கடிதங்கள்: திருச்சி, வேலூர், யாழ்ப்பாணம்

டி.என்.எஸ். என்பது நொதி விடுவித்த சர்க்கரையை நிறமாக்கி அளக்கும் முறை. முதலில் கரைசல். ஒரு லிட்டருக்கு டைநைட்ரோ சாலிசிலிக் அமிலம் 10 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 16 கிராம், சோடியம் பொட்டாசியம் டார்டரேட் 300 கிராம். பழுப்புப் புட்டியில் வையுங்கள். டார்டரேட் இல்லாவிட்டால் கரைந்த ஆக்சிஜன் நிறத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது சைலான். ஒரு கிராமை 80 மி.லி. பஃபரில் 60 டிகிரியில் தூவிக் கலக்கி, கொதிநிலை வரை சூடாக்கி, ஆறவிட்டு, இரவு முழுவதும் சுழலவிட்டு, 100 மி.லி. ஆக்குங்கள். அவசரப்பட்டால் அடியில் தங்கும் துகளைப் பிப்பெட் ஒருநாள் அள்ளும், ஒருநாள் அள்ளாது. உங்கள் "ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண்"ணில் பாதி இதுதான். பழைய கட்டுரைகளில் பிர்ச் மரச் சைலான் என்று இருக்கும். இப்போது பெரும்பாலும் பீச் மரச் சைலான்தான் கிடைக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் அதை எழுதுங்கள்.

0.5 மி.லி. சைலான், 0.5 மி.லி. நீர்த்த நொதி, 10 நிமிடம். பிறகு 1.5 மி.லி. டி.என்.எஸ்., கொதிநீரில் 5 நிமிடம், குளிர்வித்து 540 நானோமீட்டரில் அளவு. இரண்டு வெற்றுக் குழாய் வேண்டும். ஒன்றில் நொதியே இல்லை. மற்றொன்றில் டி.என்.எஸ். ஊற்றிய பிறகுதான் நொதி சேர வேண்டும். இரண்டாவதை விடுகிறவர்கள் அதிகம். தவிட்டு ஊடகத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதக்கிறது. அதைக் கழிக்காமல் விட்டால் நொதி இல்லாத திரவத்திலும் "செயல்பாடு" தெரியும்.

கணக்குக்கு ஓர் உதாரணம். நூறு மடங்கு நீர்த்த நொதி 10 நிமிடத்தில் 0.45 மி.கி. சைலோஸ் விட்டது என்று வைத்துக்கொள்வோம். சைலோஸின் மூலக்கூறு எடை 150. ஆக 0.45ஐ 0.150ஆல் வகுத்தால் 3 மைக்ரோமோல். நிமிடத்துக்கு 0.3. நொதி 0.5 மி.லி. என்பதால் மி.லி.க்கு 0.6. நூறால் பெருக்கினால் 60 யூனிட் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் விட்டால் ஒரு யூனிட்). நீர்த்த மடங்கை மறப்பதும் 0.5ஆல் வகுக்க மறப்பதும்தான் வழக்கமான பிழைகள்.

நீர்ப்பது எவ்வளவு? ஐம்பது, நூறு, இருநூறு மடங்கு என மூன்று நீர்ப்பில் அளந்து, பெருக்கிய விடை மூன்றிலும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். அடர்த்தியான நொதியில் மட்டும் விடை குறைந்தால், சைலான் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சைலோஸ் திட்டக் கோட்டை அதே பஃபரில், அதே சைலானோடு போடுங்கள். பி.எச். 10 கிளைசினில் அளக்கிறவர் வெறும் நீரில் போட்ட கோட்டைப் பயன்படுத்துவது சரியல்ல. டி.என்.எஸ். குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளுக்குக் கூடுதல் நிறம் தரும். அதனால் நெல்சன்–சோமோஜி முறையில் அளந்தவரின் எண்ணோடு உங்கள் எண்ணை நேரடியாக ஒப்பிட முடியாது; பல மடங்கு வித்தியாசம் வரும்.

அம்மோனியம் சல்பேட் போட்டதும் மூக்கைத் துளைக்கும் நெடி. வீழ்படிவைக் கரைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் திறன் போய்விட்டது. — ஆய்வு மாணவர், சேலம்

அந்த நெடி அம்மோனியா. அம்மோனியம் அயனியின் பி.கே.ஏ. (பாதி அம்மோனியாவாக மாறியிருக்கும் பி.எச்.) 9.25. உங்கள் திரவம் பி.எச். 9க்கு மேல் இருந்தால் போட்ட உப்பில் ஒரு பங்கு அம்மோனியாவாக மாறி வெளியேறும். "80 சதவீதம்" என்று நீங்கள் நினைப்பது 80 ஆக இருக்காது, பி.எச்.சும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வளர்ப்பைப் பனிக்கட்டியில் வைத்து, 10,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றித் தெளிவை எடுங்கள். மெல்லக் கலக்கிக்கொண்டே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 7.5க்கு இறக்குங்கள். கார்பனேட் இருப்பதால் பொங்கும். ஆகவே பாத்திரம் மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். நுரை எழும்பினால் புரதம் நுரையிலேயே கெடும். ஒரு லிட்டரைத் தொடும் முன் ஒரு மி.லி.யில் சோதித்து, உங்கள் நொதி பி.எச். 7.5ஐத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

இறக்கிய பிறகு உப்பு. 25 டிகிரி அட்டவணைப்படி 80 சதவீதத்துக்கு லிட்டருக்கு 561 கிராம். பூஜ்ஜிய டிகிரி அட்டவணையில் சுமார் 520. குளிர் அறையில் 25 டிகிரி அட்டவணையைப் பார்த்துப் போடுகிறவர்கள் அறியாமலே கூடுதலாகப் போடுகிறார்கள். உப்பைப் பொடித்து, அரை மணி நேரத்தில் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கவும். ஒரே படியில் 80க்குப் போவதைவிட 0–30, 30–60, 60–80 எனப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் படியில் தவிட்டின் கோந்தும் பாக்டீரியாவின் வழவழப்பும் போகும். பெரும்பாலும் அதில் சைலனேஸ் இருக்காது. சில வளர்ப்புகளில் வீழ்படிவு அடியில் தங்காமல் மேலே மிதக்கும். மிதப்பதை அழுக்கென்று கொட்டிவிடாதீர்கள். எடுத்து அளந்து பாருங்கள்.

பாதித் திறன் போனதற்கு இன்னொரு சந்தேகத்துக்குரியவர், காரப் புரோட்டியேஸ். காரம் விரும்பும் பேசில்லஸ்கள் இதைத் தாராளமாகச் சுரக்கும். துணி சோப்புப் பொடியில் போடுவதே இந்த வகைதான். தெளிவை எடுத்தவுடன் புரோட்டியேஸைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப். ஒரு மில்லிமோலார் சேருங்கள், ஆனால் பி.எச்.சை இறக்கிய பிறகு. பி.எச். 8, 25 டிகிரியில் அதன் அரையாயுள் சுமார் 35 நிமிடம், பி.எச். 10இல் ஊற்றினால் ஊற்றிய கையோடு வீண். ஐசோபுரோப்பனாலில் கரைத்த இருப்பிலிருந்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே ஊற்றவும். நச்சு, கையுறை அவசியம்.

அமிலமும் வேண்டாம், உப்பும் வேண்டாம் என்றால் 10 கிலோடால்டன் பாலிஈதர்சல்போன் சவ்வில் செறிவாக்கலாம். 30 கிலோடால்டன் சவ்வு வாங்கிவிட்டு, 20 கிலோடால்டன் நொதி கீழே ஒழுகிவிட்டதே என்று வருந்துவதும் நடக்கிறது. ஒழுகிய நீரைக் கொட்டும் முன் அதையும் அளந்துவிடுங்கள்.

டயாலிசிஸ் குழாய் இரவோடு இரவாக ஓட்டையாகிவிட்டது. இரண்டு முறை. — ஆய்வு மாணவி, திருநெல்வேலி

உங்கள் பாக்டீரியா செல்லுலேஸும் சுரக்கிறது. சாதாரண டயாலிசிஸ் குழாய் மறுஉருவாக்கிய செல்லுலோஸ். உள்ளே இருப்பது அதைத் தின்னும் நொதி. செறிவு கூடியபின் இரவு முழுவதும் வைத்தால் குழாய் மெலிந்து கிழியும். டீசால்டிங் நிரலிலோ பாலிஈதர்சல்போன் சவ்விலோ பஃபரை மாற்றுங்கள். குழாய்தான் இருக்கிறது என்றால் 4 டிகிரியில், ஒரு மணிக்கு ஒருமுறை பஃபர் மாற்றி, நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். காகித ஆலைக்கான நொதி தேடுகிறவர்களுக்கு இந்த ஓட்டை ஓர் எச்சரிக்கை. ஏன் என்பது ஈரோட்டுக் கேள்வியில் வருகிறது.

டி.இ.ஏ.இ. நிரலில் சைலனேஸ் ஒட்டவே இல்லை. பி.எச். 8, பி.எச். 9.5 இரண்டிலும் பார்த்தாயிற்று. — முனைவர் பட்ட மாணவர், சென்னை

ஒட்டாமல் வந்ததும் ஒரு பயன்தான். மற்ற புரதங்கள் ஒட்டிக்கொள்ள, சைலனேஸ் கழுவலோடு வந்துவிட்டால் ஒரே படியில் பாதிச் சுத்தம் ஆகிவிடும். எதனால் என்று பார்ப்போம்.

சைலனேஸ்களில் இரண்டு பெரிய கூட்டம். 11ஆம் குடும்பம் சிறியது, சுமார் 20 கிலோடால்டன். அதன் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்ஜியமாகும் பி.எச்.) பெரும்பாலும் 8 முதல் 10. பத்தாம் குடும்பம் பெரியது, 30க்கு மேல், புள்ளி பெரும்பாலும் அமிலப் பக்கம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் முதல் ஊகத்துக்கு இது போதும். உங்களுடையது முதல் கூட்டம் என்றால் பி.எச். 8இல் அதற்கு நேர்மின்னூட்டம், டி.இ.ஏ.இ.யும் நேர்மின்னூட்டம். ஒட்டாது.

சரி, 9.5க்கு ஏற்றினீர்களே? அங்கே டி.இ.ஏ.இ.யே மின்னூட்டத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது. அது பலவீனமான பரிமாற்றி. பி.எச். 9க்கு மேல் வேலை செய்ய வேண்டுமானால் வலுவான 'கியூ' வகை நிரல் வேண்டும். ஆனால் உங்களுக்கு எளிய வழி எதிர்த் திசையில் இருக்கிறது. 20 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 6.5, எதிர்மின்னூட்டம் கொண்ட சி.எம். அல்லது எஸ்.பி. நிரல். சைலனேஸ் ஒட்டும், சோடியம் குளோரைடை 0 முதல் 0.5 மோலார் வரை ஏற்றி எடுங்கள். பெரிய நிரலில் ஊற்றும் முன் சிறு குழாய்களில் 0.2 மி.லி. பிசின் போட்டு, பி.எச். 5.5 முதல் 8.5 வரை அரை அலகு இடைவெளியில் நொதியைக் கலந்து, மேலே மிதக்கும் திரவத்தை அளந்தால் அரைநாளில் விடை தெரிந்துவிடும். மாதிரியில் உப்பு மீதி இருந்தாலும் ஒட்டாது. ஏற்றும் முன் கடத்துத்திறனைப் பஃபரின் அளவுக்குக் கொண்டுவந்தீர்களா என்று பாருங்கள்.

டிரிஸ் பஃபரை அறை வெப்பத்தில் 8.0க்குச் சரிசெய்து குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அங்கே அது 8.6 ஆகிவிடும், வெப்பம் ஒரு டிகிரி குறைய 0.028 வீதம் ஏறும். எங்கே பயன்படுத்துகிறீர்களோ அந்த வெப்பத்திலேயே சரிசெய்யுங்கள்.

கடைசியில் ஜெல் வடிகட்டலில் ஏற்றும் அளவு நிரலின் கன அளவில் 2 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பஃபரில் 0.15 மோலார் உப்பு சேருங்கள். 11ஆம் குடும்ப நொதிகள் நிரலின் சர்க்கரைப் பிசினோடு ஒட்டி உறவாடி, தாமதமாக வெளிவரும். 21 கிலோடால்டன் புரதம் 10 போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எஸ்.டி.எஸ். ஜெல் சொல்வதையே நம்புங்கள்.

தூய்மைப்படுத்தல் அட்டவணையில் விளைச்சல் 130 சதவீதம் வருகிறது. தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வது? — ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

முதலில் சரியான அட்டவணை எப்படி இருக்கும் என்று பாருங்கள். கச்சாத் திரவம் 60,000 யூனிட், 800 மி.கி. புரதம், மி.கி.க்கு 75. உப்புப் படிக்குப் பின் 48,000 யூனிட், 240 மி.கி.; மி.கி.க்கு 200. அயனி நிரலுக்குப் பின் 30,000 யூனிட், 40 மி.கி.; 750. ஜெல்லுக்குப் பின் 21,000 யூனிட், 17.5 மி.கி.; 1,200. ஆக 16 மடங்கு சுத்தம், 35 சதவீதம் விளைச்சல். எண்கள் உதாரணத்துக்கு; போக்குதான் முக்கியம்.

130 வர மூன்று காரணம். கச்சாத் திரவத்தில் ஏதோ தடுப்பான் இருந்து, முதல் படியில் நீங்கியிருக்கலாம். கச்சாத் திரவத்தைப் போதிய அளவு நீர்க்காமல் அளந்து, முதல் எண்ணைக் குறைவாக எழுதியிருக்கலாம். அல்லது வெற்றுக் குழாயை அளவுக்கு மேல் கழித்திருக்கலாம். சரிபார்ப்பு எளிது: தூய நொதியைக் கொதிக்கவைத்த கச்சாத் திரவத்தில் கலந்து அளவிடுங்கள். குறைந்தால் தடுப்பான், குறையாவிட்டால் அளவைப் பிழை.

புரத அளவிலும் ஏமாற்றம் உண்டு. தவிட்டின் பினாலிக் பொருட்கள் 280 நானோமீட்டரில் புரதம்போல் நடிக்கும். புரதத்தை நீல நிறமாக்கி அளக்கும் பிராட்ஃபோர்டு, அமிலக் கரைசல். அதில் 100 மில்லிமோலார் கார்பனேட் மாதிரியை நிறைய ஊற்றினால் புரதமே இல்லாமல் நீலம் ஏறும். மாதிரியை நீர்த்துச் சிறிதளவே ஊற்றி, அதே பஃபரில் வெற்று வைத்து அளக்கவும்.

ஜெல்லில் செயல்பாட்டுப் பட்டை பார்க்க, 12 சதவீத ஜெல்லிலேயே 0.1 சதவீத சைலானைக் கலந்து ஓட்டுங்கள். 2.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்–100இல் அரை மணி வீதம் இரண்டு முறை கழுவி, பஃபரில் 50 டிகிரியில் 20–30 நிமிடம், பிறகு காங்கோ ரெட், உப்பு நீர். கடைசியில் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஒரு நிமிடம் போட்டால் பின்னணி கருநீலமாகி, மங்கிய பட்டைகளும் பளிச்சென்று தெரியும். இரண்டு பட்டை தெரிந்தால் இரண்டு சைலனேஸாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றின் புரோட்டியேஸ் வெட்டிய துண்டாகவும் இருக்கலாம். பி.எம்.எஸ்.எஃப். போட்ட வளர்ப்பில் சிறிய பட்டை மறைந்தால் துண்டுதான்.

எங்கள் நொதியின் உச்ச வெப்பம் 70 டிகிரி. கட்டுரையில் "வெப்பம் தாங்கும் நொதி" என்று எழுதலாமா? — நாகர்கோவில்

10 நிமிடச் சோதனையில் 70 வந்தால், 60 நிமிடச் சோதனையில் 55 வரலாம். உச்ச வெப்பம் நேரத்தைப் பொறுத்தது. சைலான் இல்லாமல் 60 டிகிரியில் வைத்து, 0, 10, 20, 40, 60 நிமிடத்தில் எடுத்துப் பனியில் போட்டு, மீதியை அளந்து, அரையாயுளை எழுதுங்கள். 60 நிமிடத்தில் கால்பங்குதான் மிச்சம் என்றால் அரையாயுள் 30 நிமிடம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டம் கொடுக்கலாம்.

கால்சியம், மாங்கனீஸ், தாமிரம் எதைச் சேர்த்தாலும் எங்கள் பெக்டேட் லையேஸ் திறன் கூடவில்லை. பஃபர் 50 மில்லிமோலார் கார்பனேட், பி.எச். 10. பருத்தித் துணி சுத்திகரிப்புக்குப் பார்க்கிறோம். — துணிப் பதன ஆலை, திருப்பூர்

நீங்கள் சேர்த்த கால்சியம் கரைசலில் இல்லை. கார்பனேட்டாகி அடியில் கிடக்கிறது. மாங்கனீஸ், தாமிரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். பாஸ்பேட்டிலும் கால்சியம் படியும். பெக்டேட் லையேஸுக்குக் கால்சியம் இல்லாமல் வேலையே ஓடாது. கிளைசின்–சோடியம் ஹைட்ராக்சைடு பி.எச். 9–9.5, கால்சியம் குளோரைடு 0.5 மில்லிமோலார் என்று மாற்றுங்கள். அதற்கு மேல் அதிகம் போட்டால், நொதி வெட்ட வேண்டிய பாலிகாலக்டியுரானிக் அமிலமே கூழாகிவிடும்.

இந்த நொதிக்கு டி.என்.எஸ். தேவையில்லை. வெட்டும்போது இரட்டைப் பிணைப்பு உருவாகி 235 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும்; குவார்ட்ஸ் குவெட்டில் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கலாம். உறிஞ்சுகெழு 4,600. ஒரு மி.லி. குவெட்டில் நிமிடத்துக்கு 0.46 ஏறினால் 0.1 மைக்ரோமோல், போட்ட நொதி 0.02 மி.லி. என்றால் மி.லி.க்கு 5 யூனிட். ஆலைத் தொட்டியில் ஈ.டி.டி.ஏ. போன்ற கடினநீர் மென்மையாக்கி போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அது கால்சியத்தைக் கவ்விக்கொண்டால் நொதி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஃபில்டர் பேப்பர் யூனிட் பூஜ்ஜியம் வருகிறது. ஆனால் சி.எம்.சி.யில் நன்றாக வேலை செய்கிறது. — காரைக்குடி

எதிர்பார்த்ததுதான். சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) நீரில் கரையும் செல்லுலோஸ்; தாள் அப்படியல்ல. ஃபில்டர் பேப்பர் சோதனை 50 மி.கி. வாட்மேன் 1 தாள், பி.எச். 4.8, 50 டிகிரி, ஒரு மணி நேரம் என டிரைக்கோடெர்மா பூஞ்சைக்காக வகுக்கப்பட்டது. முதலில், உங்கள் கார நொதியை அமிலத்தில் போட்டிருக்கிறீர்கள். பி.எச்.சை மாற்றினாலும் பெரிதாக வராது. பேசில்லஸ் செல்லுலேஸ்கள் பெரும்பாலும் சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோ வகை; படிக செல்லுலோஸைத் தனியே கரைக்காது. அதுவே சில வேலைகளுக்கு வசதி. ஜப்பானின் காவோ நிறுவனம் 1987இல் 'அட்டாக்' சோப்புப் பொடியில் பேசில்லஸ் கே.எஸ்.எம்.–635இன் கார செல்லுலேஸைச் சேர்த்தது. பருத்தி இழையின் படிகமற்ற பகுதியில் மட்டும் வேலை செய்து, இழையைச் சிதைக்காமல் அழுக்கை விடுவித்ததால்தான் அது சாத்தியமானது.

கரும்புச் சக்கைக் கூழில் சைலனேஸ் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம். எவ்வளவு போடுவது, எதை அளப்பது? — காகிதத் தொழில்நுட்பர், ஈரோடு

சக்கைக் கூழில் சைலான் நிறைய இருப்பதால் சோதிக்கத் தகுந்ததுதான். சைலனேஸ் லிக்னினைத் தொடுவதில்லை. இழைமேல் படிந்த சைலானை வெட்டி, வெளுப்பானுக்கு வழிவிடுகிறது. 1986இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டிய பிறகே குளோரினைக் குறைக்கும் வழியாக இது ஆலைகளுக்குப் போனது.

நொதியைப் போடும் முன், அதில் செல்லுலேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நீர்ப்பில் சி.எம்.சி.யோடு ஒரு மணி நேரம் வைத்து, வெற்றுக்கு மேல் ஏதும் வரக் கூடாது. கொஞ்சம் இருந்தாலும் கூழின் பாகுத்தன்மை விழும், தாள் கிழியும்.

உலர் கூழ் 10 கிராம் கணக்கில் பாலித்தீன் பையில் எடுங்கள். செறிவு 10 சதவீதம், பி.எச். 8–8.5, 55 டிகிரி, இரண்டு மணி நேரம். கிராம் உலர்கூழுக்கு 2, 5, 10, 20 யூனிட் என நான்கு அளவு. அரை மணிக்கு ஒருமுறை பையைப் பிசைந்து விடுங்கள். கூழைச் சரியாகக் கழுவாமல் போட்டால் கறுப்பு நீரின் (கூழ் வேகவைத்த காரக் கழிவுநீர்) மிச்சம் பி.எச்.சை 10க்கு மேல் இழுத்துவிடும். இரண்டு மணி முடிவில் பி.எச்.சை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு, கொதிக்கவைத்துக் கொன்ற அதே நொதியைப் போட்ட பை கட்டாயம். வெறும் நீரோடு ஒப்பிட்டால் சூட்டின், பி.எச்.சின் பலனெல்லாம் நொதியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிழிந்த நீரில் டி.என்.எஸ். சர்க்கரையும் 280 நானோமீட்டர் உறிஞ்சலும் பாருங்கள். கழுவிய கூழில் கப்பா எண் (மிஞ்சிய லிக்னினின் அளவு), பிறகு வழக்கமான வெளுப்பு வரிசையை ஓட்டி வெண்மை, பாகுத்தன்மை. கப்பா பெரிதாக இறங்காமல் போகலாம்; அதை வைத்து நொதியை ஒதுக்கிவிடாதீர்கள். அதே வெண்மைக்கு எவ்வளவு குளோரின் டை ஆக்சைடு குறைந்தது என்பதே பார்க்க வேண்டிய எண். 5 யூனிட்டுக்கு மேல் பலன் ஏறாமல் நின்றுவிட்டால் அதற்கு மேல் போடுவது செலவும் கூழ் இழப்பும்தான். கரைந்து போகும் சைலான் உங்கள் கூழ் எடையிலிருந்தே போகிறது.

சோதனைக்கான நொதியை 4 டிகிரியில், பி.எச். 7.5–8இல், 30 சதவீத கிளிசராலோடு வைத்துக்கொள்ளலாம். பூஞ்சை வராமலிருக்கச் சோடியம் அசைடு போடுவது ஆய்வகப் பழக்கம். கூழுக்குப் போகும் நொதியில் போடாதீர்கள். கிளிசரால் சேர்த்த நொதியை டீசால்ட் செய்யாமல் புரத அளவு, திறன் இரண்டையும் புதிதாக அளந்து, அந்த எண்ணைக் கொண்டே அளவைக் கணக்கிடுங்கள்.